தோப்பில் கிடைத்த உடும்பு முட்டையைக் கோழி இன்குபேட்டரில் வைக்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். பாலக்கோடு பக்கம் உங்கள் மாமாவின் மாந்தோப்பில் நேற்று ஜேசிபி வைத்து வரப்பை ஒழுங்கு செய்யும்போது மண்ணோடு 17 வெள்ளை முட்டைகள் வெளியே வந்திருக்கின்றன. உடும்பு முட்டை என்று தோட்டத்துப் பெரியவர் சொல்லியிருக்கிறார். நாட்டுக்கோழிக்கு வாங்கிய இன்குபேட்டர் வீட்டில் சும்மா கிடக்கிறது, அதில் வைத்தால் பொரியுமா என்பது முதல் கேள்வி. வெளிநாட்டில் சின்ன சாதி உடும்புகளை வீட்டிலேயே வளர்த்து, வருடத்துக்கு இரண்டு மூன்று ஈடு முட்டை எடுத்துக் குஞ்சு பொரிக்கிறார்களே, அது நம் ஊரில் முடியுமா என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு இன்றைக்கே பதில் வேண்டும். கோழி இன்குபேட்டரில் வைக்காதீர்கள். அது 37.5 டிகிரியில் ஓடும். உடும்பு முட்டைக்கு வேண்டியது ஏறத்தாழ 28 முதல் 30 டிகிரிதான். 37-இல் வைத்தால் உள்ளே இருக்கும் கரு சில நாளில் செத்துவிடும். அடைக்கோழிக்குக் கீழே வைக்கலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள், அங்கேயும் கிட்டத்தட்ட அதே சூடுதான்.

சூட்டை விடப் பெரிய ஆபத்து, இன்குபேட்டர் தட்டு முட்டையைப் புரட்டிக்கொண்டே இருப்பது. கோழி முட்டையை உடைத்து ஊற்றும்போது மஞ்சள் கருவின் இரண்டு பக்கமும் முறுக்கிய வெள்ளை நூல் மாதிரி ஒன்று தெரியும், பார்த்திருப்பீர்கள். முட்டை எப்படி உருண்டாலும் மஞ்சள் கருவை நடுவில் தொட்டில் மாதிரி பிடித்து வைப்பது அதுதான். ஊர்வனவற்றின் முட்டையில் அந்த நூல் கிடையாது. இட்ட ஒன்றிரண்டு நாளில் கரு மேல் பக்கமாக வந்து ஓட்டின் உள்தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முட்டையைத் தலைகீழாக்கினால் மஞ்சள் கருவின் பாரம் முழுக்கக் கருவின் மேல் இறங்கும், மெல்லிய ரத்தக்குழாய்கள் பிய்ந்துபோகும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது, உள்ளே உயிர் இருக்காது.

அதனால் இப்போதே இதைச் செய்யுங்கள். முட்டைகள் இப்போது எப்படிக் கிடக்கின்றனவோ அப்படியே, மேல் பக்கத்தில் பென்சிலால் மெல்ல ஒரு புள்ளி வையுங்கள். பேனா, மார்க்கர் வேண்டாம். கழுவாதீர்கள், துணியால் துடைக்காதீர்கள். அந்தக் குழியிலிருந்தே கொஞ்சம் ஈரமண் எடுத்து மூடி, மேலே நிழல் போடுங்கள். எறும்பும் நாயும் அண்டாமல் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பிறகு பாலக்கோடு வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். முட்டையை இடம் மாற்றுவதா வேண்டாமா என்பதை அவர்கள் வந்து முடிவு செய்யட்டும்.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குச் சட்டம் ஒரு காரணம். நம் உடும்பு 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. வேட்டை என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் கொடுக்கும் விளக்கத்தில், ஊர்வனவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் சேர்த்தியே. தண்டனை குறைந்தது 3 ஆண்டு, 7 ஆண்டு வரை போகலாம், அபராதம் தனி. உங்கள் எண்ணம் நல்லது என்பது எனக்குத் தெரிகிறது. ஆனால் முட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தால் அந்த எண்ணத்தை நிரூபிப்பது கஷ்டம். நீங்களே போன் செய்து சொன்னால் நிலைமை வேறு.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. அது உடும்பு முட்டைதானா என்று எனக்குப் படம் பார்க்காமல் சொல்ல முடியாது. வெள்ளையாக, நீளவாக்கில், தோல் மாதிரி வளையும் ஓட்டோடு, சுமார் 5 சென்டிமீட்டர் இருந்தால் உடும்பாக இருக்கலாம். நாகப்பாம்பு முட்டையும் ஏறக்குறைய இதே அளவு, இதே நிறம். நாகமும் எலி வளையிலும் புற்றிலும் 10 முதல் 30 முட்டை வரை இடும். தாய் நாகம் முட்டையை விட்டு அதிகம் விலகாது. ஆகவே குழிக்குள் கைவிட்டு இன்னும் இருக்கிறதா என்று துழாவ வேண்டாம். ஓணான் முட்டையோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை, அது புளியங்கொட்டையை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

இனி இரண்டாவது கேள்வி. நான் காரிமங்கலத்துக்காரன். ஐரோப்பாவில் ஒரு விலங்குக் காட்சியகத்தின் ஊர்வனப் பிரிவில் எட்டு வருடம் பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். அங்கே என் கையில் அதிகம் வளர்ந்தது ஆஸ்திரேலியாவின் சின்ன உடும்புகள்தான். இந்தக் குட்டிச் சாதிகளை எல்லாம் ஓடாட்ரியா என்ற ஒரே பிரிவில் வைத்திருக்கிறார்கள். 2014-இல் புதிதாகப் பெயர் வைத்த ஒரு சாதி, மூக்கிலிருந்து வால்நுனி வரை மொத்தமே 23 சென்டிமீட்டர்தான், எடை 16 கிராம்! வீட்டுச் சுவரில் ஓடும் பெரிய பல்லியைக் கொஞ்சம் நீட்டிவிட்ட மாதிரி இருக்கும். வளர்ப்பவர்களிடம் அதிகம் இருப்பது முள்வால் உடும்பு. அக்காந்துரஸ் என்ற அறிவியல் பெயரைச் சுருக்கி ஆக்கி என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். 60 சென்டிமீட்டருக்குச் சற்று முன்பின் வளரும், அதில் பாதிக்கு மேல் வால். வால் முழுக்க வளையம் வளையமாக முள் செதில். பாறை இடுக்கில் புகுந்துகொண்டு அந்த வாலால் வாசலை அடைத்துவிடும். வட ஆஸ்திரேலியாவின் வறண்ட பாறைக்காடுதான் அதன் ஊர். தீர்த்தமலைப் பக்கம் வெயில் நேரத்தில் பாறைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும்.

வளர்க்கும் இடத்தில் ஒரு மூலையில் பல்பு வெளிச்சத்துக்குக் கீழே கல்லின் மேற்பரப்பு 60 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். கேட்டால் பயமாக இருக்கும். அது சில நிமிடம் படுத்துச் சூடேற்றிக்கொண்டு இறங்கிவிடும். மறு மூலை 26, 28 டிகிரியில் இருக்க வேண்டும். எங்கே எவ்வளவு நேரம் இருப்பது என்பதை உடும்பு தானே முடிவு செய்யும். பெட்டி முழுக்க ஒரே சூடு வைத்தால் நோய்தான். ஆண், பெண் பிரிப்பது குட்டியில் ரொம்பக் கஷ்டம். பெரிதான பிறகு ஆணுக்குத் தலை அகலமாகும், வால் தொடங்கும் இடத்தில் இரு பக்கமும் முள் கொத்துகள் தடிக்கும்.

இணை சேர்ப்பது இதில் சிரமமான வேலை இல்லை. நல்ல தீனி, நல்ல வெயில் விளக்கு கிடைத்தால் ஆண் பெண்ணின் பின்னாலேயே நாக்கை நீட்டிக்கொண்டு சுற்றும், நகத்தால் முதுகைச் சுரண்டும், சில நாள் சேர்ந்தே படுத்திருக்கும். மூன்று முதல் ஐந்து வாரத்தில் பெண் முட்டையிடத் தயாராகும். முதலில் வெறித்தனமாகத் தின்னும், பிறகு திடீரென்று தீனியை நிறுத்தும், அங்கங்கே மண்ணைத் தோண்டிப் பார்க்கும். வளர்ப்பவர்கள் தவறு செய்வது இந்தக் கட்டத்தில்தான். நானும் செய்தேன்.

என் பொறுப்பில் வந்த முதல் பெண் உடும்புக்கு மண் ஆழம் 15 சென்டிமீட்டர் போதும் என்று நினைத்தேன். அது நான்கு நாள் ஒவ்வொரு மூலையாகத் தோண்டியது. தோண்டினால் தரை தட்டும், மேலே ஏறி வந்து வேறு இடம் பார்க்கும். நான் அதைச் சுறுசுறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். ஒன்பதாம் நாள் காலையில் செத்துக் கிடந்தது. அறுத்துப் பார்த்த மருத்துவர் ஒன்பது முட்டைகளை எடுத்து ஒரு தட்டில் வரிசையாக வைத்தார், எல்லாம் ஓடு கட்டி முழுதாக இருந்தன. இட இடமில்லாமல் உள்ளேயே வைத்துக்கொண்டு செத்திருக்கிறது. அந்தத் தட்டு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அதற்குப் பிறகு 45 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, மணலும் களியும் கலந்து, குடைந்தால் இடிந்து விழாத பதத்தில் ஈரமண் போட்டேன். மண்ணுக்குள்ளே 29 டிகிரி இருக்கும்படி மேலிருந்து சூடு கொடுத்தேன். அடுத்த பெண் உள்ளே போய் ஒரே இரவில் இட்டு, குழியை மூடி, மூக்கெல்லாம் மண்ணோடு, ஒட்டிய வயிற்றோடு வெளியே வந்து நின்றது. நான் அன்றைக்குக் கற்ற பாடம், உடும்புக்கு அடைகாக்கும் தாய் மண்தான். இன்குபேட்டர் என்று நாம் செய்வதெல்லாம் அந்த மண்ணின் நகல்.

நம் ஊர் உடும்பைப் பாருங்கள். ஆனி, ஆடியில் இணை சேரும். பிறகு குழி தோண்டி, சில சமயம் கரையான் புற்றைக் குடைந்து, 20 முட்டை வரை இட்டு, மண்ணைத் தள்ளி மூடி, மூக்கால் குத்திக் குத்தி இறுக்கிவிடும். பக்கத்திலேயே ஏமாற்றுக் குழிகளும் தோண்டி வைக்கும். அப்புறம் போய்விடும். அந்த முட்டை பொரிய 168 முதல் 254 நாள் வரை ஆவதாகப் பதிவுகள் இருக்கின்றன. கோழிக்கு 21 நாள். ஐந்தரை மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்கும் மேல் ஒரு முட்டை கெடாமல் மண்ணுக்குள் இருக்கிறது என்றால், அந்த ஆழத்தின் ஈரமும் சூடும் எவ்வளவு நிதானமாக இருக்க வேண்டும்! ஆஸ்திரேலியாவில் மஞ்சள்புள்ளி உடும்பு என்ற பெரிய சாதி, திருகாணி மாதிரி சுற்றிச் சுற்றி 3 மீட்டருக்கும் கீழே இறங்கி முட்டையிடுகிறது. அவ்வளவு உழைப்பும் மாறாத ஈரத்தைத் தேடித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஈரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கோழி முட்டை தனக்கு வேண்டிய தண்ணீரை உள்ளேயே வைத்துக்கொண்டு வருகிறது, பொரிவதற்குள் எடை குறையும். உடும்பு முட்டையின் தோல் ஓடு சுற்றியுள்ள மண்ணிலிருந்து தண்ணீரைக் குடிக்கும், முட்டை பெரிதாகும், எடை கூடும். காய்ந்த இடத்தில் வைத்தால் சுருங்கிக் குழிவிழும். சேறாக இருந்தால் அளவுக்கு மேல் குடித்து உப்பும், கரு மூச்சு முட்டிச் சாகும். என் அனுபவத்தில் சூடு தவறிச் செத்ததை விட ஈரம் கூடிச் செத்த முட்டைகளே அதிகம். புதிதாகச் செய்பவர்கள் பாசத்தில் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள்.

ஆக்கி முட்டைக்கு நாங்கள் செய்த முறை இது. மாடித்தோட்டக் கடையில் விற்கும், ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் துகளான வெர்மிகுலைட் 100 கிராமுக்கு 80 முதல் 100 கிராம் தண்ணீர், இரண்டையும் தராசில் நிறுத்துக் கலக்க வேண்டும். கையில் இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், ஒரு சொட்டுகூடச் சொட்டக் கூடாது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் அதைப் பரப்பி, முட்டையைப் பாதி புதைந்து பாதி தெரியும்படி, ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்து மூடுவோம். டப்பாவை அன்றைக்கே நிறுத்து எடையை மூடியில் எழுதிவிடுவோம். வாரம் ஒருமுறை காற்று மாற மூடியைத் திறக்கும்போது மறுபடி நிறுப்போம். 10 கிராம் குறைந்திருந்தால் 10 கிராம் வெதுவெதுப்பான தண்ணீரை ஓரமாக, முட்டை மேல் படாமல் விடுவோம். கண்மதிப்புக்கு இதில் வேலையே இல்லை.

டப்பாவை வைக்க ஒரு கெட்டித் தெர்மோகோல் பெட்டி போதும். அடியில் தண்ணீர் நிரப்பி, மீன்தொட்டி ஹீட்டரைப் போட்டு, டப்பாவைத் தண்ணீருக்கு மேலே செங்கல் மேல் நிறுத்த வேண்டும். மின்சாரம் போனாலும் தண்ணீர் சூட்டைச் சில மணி நேரம் பிடித்து வைக்கும். தெர்மாமீட்டரின் முனை முட்டை இருக்கும் மட்டத்தில் இருக்க வேண்டும். பெட்டியின் மூடியில் ஒட்டி வைத்தால் அது காட்டுவது வேறு கணக்கு. 28 முதல் 30-இல் வைத்தால் ஆக்கி மூன்று முதல் நான்கு மாதத்தில் பொரியும். குளிர் சில மணி நேரம் வந்து போனால் பொரிவது தள்ளிப்போகும், அவ்வளவுதான். வெயில் கூடினால் கொன்றுவிடும். ஐரோப்பாவில் எங்கள் கவலையெல்லாம் சூடேற்றுவதில் இருந்தது. தருமபுரியில் சித்திரை, வைகாசியில் ஓட்டு வீட்டுக்குள் 36 டிகிரி போகும்போது ஹீட்டரை நிறுத்தினாலும் பெட்டி குளிராது. இங்கே முதலில் தேவை குளிர்விக்க வழி. ஓசூர், தளிப் பக்கம் மேட்டு நிலம் என்பதால் இந்தத் தொல்லை குறைவு.

ஒரு வாரம் கழித்து இருட்டில் சின்ன டார்ச்சை ஓட்டோடு ஒட்டிப் பிடித்தால், கருவுள்ள முட்டை உள்ளே ரோஜா நிறத்தில் ஒளிரும், நரம்பு நரம்பாகச் சிவப்பு தெரியும். வெறும் முட்டை மஞ்சளாகவே இருக்கும், சீக்கிரம் பூசணம் பிடிக்கும். பூசணம் பட்டதும் தூக்கி எறிய அவசரப்பட வேண்டாம், உயிருள்ள முட்டை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். ஆண் இல்லாமல் இட்ட முட்டை எல்லாம் வெறும் முட்டை என்றும் சொல்லிவிட முடியாது. 2006-இல் இங்கிலாந்துக் காட்சியகங்களில் கொமோடோ டிராகன் ஆண் துணையே இல்லாமல் இட்ட முட்டைகளில் உயிர் இருந்தது உலகச் செய்தியானது. கொமோடோவும் உடும்புக் குடும்பம்தான்.

சூட்டை வைத்து ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அது முதலைக்கு. ஒகேனக்கல் காவிரியில் இருக்கும் சதுப்புநில முதலையின் முட்டையை 32.5 டிகிரியில் வைத்தால் ஆண் வரும், 30-இல் வைத்தால் பெண் வரும். உடும்புக்கு அது மரபணுவிலேயே முடிந்துபோன விஷயம்.

பொரியும் நாள் நெருங்கும்போது முட்டை வியர்க்கும், லேசாகக் குழிவிழும். தொடக்கத்தில் குழிவிழுந்தால் ஈரம் போதவில்லை என்று அர்த்தம், கடைசியில் விழுந்தால் நல்ல சகுனம். குஞ்சு மூக்கில் இருக்கும் சின்னப் பல்லால் ஓட்டைக் கீறி, தலையை மட்டும் வெளியே நீட்டி ஒரு நாள், இரண்டு நாள் அப்படியே உட்கார்ந்திருக்கும். மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கும் நேரம் அது. பாவம் என்று பிடித்து இழுத்தால் மஞ்சள் பை கிழிந்து செத்துவிடும். ஒரே ஈட்டில் எல்லாம் ஒரே நாளில் வராது. வெளியே வந்த பிறகும் சில நாள் தீனி கேட்காது. பிறகு சுண்ணாம்புச்சத்துத் தூள் தூவிய சின்னச் சில்வண்டுகளைக் கொடுக்கலாம்.

வருடத்துக்கு மூன்று ஈடு எடுக்கலாம் என்று நீங்கள் பார்த்தது உண்மைதான். தீனி கொட்டினால் பெண் இட்டுக்கொண்டே இருக்கும். எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து, சில வருடத்தில் ஓய்ந்து சாகும். நான் அதை ஏற்கமாட்டேன். இரண்டு ஈட்டுக்கு மேல் போகாமல் தீனியையும் விளக்கையும் குறைத்து ஓய்வு கொடுக்க வேண்டும்.

நம் ஊரில் செய்யலாமா? நம் உடும்பை வைத்து முடியாது, அதில் பேச்சே இல்லை. ஆக்கி போன்ற வெளிநாட்டுச் சாதிகள் காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தபோது அந்தப் பட்டியல் நம் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வந்துவிட்டது. 2024 விதிகளின்படி கையில் இருப்பதை, அதன் குட்டிகளை, கைமாறுவதை எல்லாம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆஸ்திரேலியா தன் ஊர்வனவற்றை உயிரோடு வணிகத்துக்கு அனுப்புவதே இல்லை. ஆகவே இறக்குமதித் தாள் காட்டாமல் யாராவது உங்களுக்கு ஒரு ஜோடி விற்க வந்தால், அது பாங்காக்கிலிருந்து பெட்டியில் மறைத்து வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். சென்னை, திருச்சி விமான நிலையங்களில் அடிக்கடி பிடிபடுவது அதுதான். அவற்றில் பல வழியிலேயே செத்துப்போகும். வாங்காதீர்கள்.

இந்த வேலையில் உங்களுக்கு உண்மையிலேயே மனம் இருந்தால் கால்நடை மருத்துவமோ விலங்கியலோ படித்து, அனுமதி பெற்ற காட்சியகம் எதிலாவது சேருங்கள். அதுவரை அந்தத் தோப்பில் செய்ய வேலை இருக்கிறது. புற்றுகளை இடிக்காமல் விடச் சொல்லுங்கள். ஆடியிலிருந்து, முட்டை பொரிந்து முடியும் சித்திரை வரை வரப்பில் இயந்திரம் வேண்டாம் என்று மாமாவிடம் பேசுங்கள்.

வனத்துறையினர் வரும்போது குழியின் ஆழத்தை டேப்பால் அளந்து சொல்லுங்கள். முட்டை வெளியே வந்த தேதி, நேரம், எத்தனை உருண்டன, எத்தனை அசையாமல் கிடந்தன என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஆவணியில் இட்டதாக இருந்தால் மாசியிலிருந்து சித்திரைக்குள் எப்போது வேண்டுமானாலும் பொரியலாம். அதுவரை பார்த்துக்கொள்பவருக்கு அந்தத் தாள் தேவைப்படும்.